ஆணியில தொங்கின ஆஸ்பத்திரிப் பை

ஒக். 6, திங்கள்

விடியக்காலையிலேருந்து தூறல். பால் வெட்டு உண்டா இல்லையான்னு ஆறு மணி வரைக்கும் தெரியல. ஆறேகாலுக்கு மழை விட்டுச்சு. வெட்டு உண்டுன்னு கங்காணி ஒரு சத்தம். எல்லாரும் புள்ளைங்கள நான் பார்த்துக்குற புள்ளமடுவத்துல தள்ளிட்டு, வாளியத் தூக்கிட்டு ரப்பர் மலைக்கு ஓட்டம்.

வந்த புள்ளைங்க: பதினாறு. சளி: ஒம்பது. சொறி: ரெண்டு. அழுகை: எல்லாம்.

இந்த டயரி யட்டியாந்தோட்டை கடை முதலாளி ஜனவரியில குடுத்தது. ஒம்பது மாசமா அரிசிப் பெட்டி மேல சும்மா கெடந்துச்சு. இனிமே எழுதப்போறேன். யாரும் படிக்கப்போறதில்ல, அதனால இஷ்டத்துக்குத் திட்டலாம்.

புஷ்பத்தோட மக தர்ஷினி, மூணு வயசு, சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரி வார்டுலேருந்து வந்துச்சு. இழுப்பு. இந்த வருசத்துல அஞ்சாவது தடவை. புஷ்பம் இப்பல்லாம் ஆஸ்பத்திரிப் பையைப் பிரிக்கிறதே இல்ல. ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் கோப்பை, புள்ளைக்கு ரெண்டு கவுன், ஒரு போர்வை. எல்லாத்தையும் கட்டி என் மடுவத்துக் கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டிட்டா. "இங்கயே கெடக்கட்டும்க்கா. எப்படியும் இங்கேருந்துதான ஆஸ்பத்திரிக்கு லொறி ஏறப்போறோம்?"

போர்வை எல்லாம் நேத்து தொவைச்சேன். இந்த மழையில எங்க காயும்? எங்க வீட்டுக்காரருதான் புகைக் காம்பராவுல ஒரு மூலையில போட்டுக் காயவச்சுக் கொண்டாந்தாரு. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு, கீழ வெறகு மூட்டிக் காயவைக்கிற எடத்துல இவருக்கு வேலை. ஸ்டோர் ஐயாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். ஆனா போர்வை மொறுமொறுன்னு, கணகணன்னு. புள்ளைங்க படுத்ததும் தூங்கிருச்சு. என் புருசன மாதிரி மனுசன் இந்தத் தோட்டத்துல யாரு?

ஒக். 7, செவ்வாய்

டா.ஐயாவைப் பத்தி எழுதணும். உண்மையில டாக்டர் இல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து குடுக்குறவரு. யட்டியாந்தோட்டைப் பக்கத்து முஸ்லிம் ஆளு. வந்து நாலு மாசம். 'இருக்கு'ன்னு வராது அவரு வாயில, 'ஈக்குது'தான்.

முந்தி இருந்தவரு காலையில எட்டு மணிக்குக் கதவத் தொறந்து பன்னெண்டுக்கு மூடுவாரு. எட்டு மணிக்கு யாரு லயத்து வீட்டுல இருக்கா? எல்லாப் பொம்பளையும் மலையில. புள்ளைக்குச் சளின்னு நின்னா அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. அதனால சளி இழுப்பாகி, இழுப்பு முத்தி, உதடு நீலமாகி, அப்புறம் லொறி, அப்புறம் வார்டு, அப்புறம் அஞ்சு நாள் பேரு இல்ல. இப்படித்தான் நாங்க புள்ள வளர்த்தோம்.

டா.ஐயா வந்த மறுவாரமே பெரட்டுக் களத்துக்கு வந்துட்டாரு. விடிய அஞ்சே முக்காலுக்கு, கையில டார்ச், தோள்ல பை. பேரு போடக் கூடுற எடத்துலயே புள்ளைங்க நெஞ்சுல கொழாய வச்சுப் பார்க்குறாரு. மொத நாள் எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன், வெட்கமா இருக்கு.

இழுப்பு உள்ள புள்ளைங்களுக்கு மருந்தை மூச்சோட இழுக்குற பம்ப். சின்னப் புள்ளைக்கு பம்ப் சரியா அடிக்க வராதுன்னு ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலோட அடியில ஓட்டை போட்டு, அதுல பம்பைச் சொருகி, போத்தல் வாயில புள்ள வாயை வச்சு மூச்சு இழுக்க வைக்கிறாரு. ஓட்டையைக் கம்பி காய்ச்சிப் போட்டுக் குடுத்தது என் புருசன்தான். ஒரு அமுக்கு, பத்து மூச்சு. டா.ஐயா எண்ணுவாரு, புள்ளையும் கூட எண்ணும். தர்ஷினி எண்ணினா ஆறுக்கு அடுத்து எட்டு. "ஏழு எங்க போச்சு?"ன்னு தெனமும் கேப்பாரு. அதுவும் தெனமும் கையை விரிச்சுக் காட்டும்.

இன்னைக்கிக் காலையில நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் தூங்கி எழுந்ததும் இழுப்பு. ஆளனுப்புனேன். குடை புடிச்சுக்கிட்டு சேத்துல நடந்தே வந்தாரு. ஒரு மணி நேரம் தரையில சப்பணம் போட்டு உக்காந்து பார்த்தாரு. அடங்கிருச்சு. வார்டு வேணாம்.

ஒக். 8, புதன்

தண்ணி புடிக்கிற பீலியடியில பேச்சு:

"போத்தல்ல காத்து குடுக்குறாராம், காத்து!"

"சேலைன் ஏத்தினாத்தான் வைத்தியம். அது இல்லாம என்ன வைத்தியம்?"

"ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுக்கச் சோம்பல், அதான்."

எனக்கு வந்துச்சே கோவம். "நாலு மாசத்துல லொறி எத்தனை தடவை போச்சு, முந்தி எத்தனை தடவை போச்சு, வாயத் தொறக்க முன்ன யோசிங்கடி"ன்னுட்டுக் குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன். பாதித் தண்ணி வழியிலயே ஊத்திருச்சு.

பின்னேரம் டா.ஐயா புஷ்பம் காம்பராவுக்குள்ள குனிஞ்சு போனாரு. லயத்துக் காம்பராவுக்குள்ள தலையைக் குடுத்த மொத டிஸ்பென்சரிக்காரரு இவருதான். அடுப்பு எங்க, வெளக்கு என்ன, கொசுவத்தி உண்டா, நாய் உண்டா? புஷ்பம் புருசன் பீடியை வெளிய போய்க் குடிக்கணும்னாரு. அந்தாளு மொறைச்சான். "நான் உங்களை ஏச வரல்ல தம்பி, புகையைத்தான் ஏசுறேன்"னாரு சிரிச்சுக்கிட்டு. அவனும் பீடியை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்!

ஒக். 9, வியாழன்

புஷ்பம் அழுதா. இன்னொரு தடவை வார்டுக்குப் போனா, புள்ளைய எம்பிலிப்பிட்டியவுல இருக்கிற அவ நாத்தனார்கிட்ட விட்டுருவேன்னு அவ புருசன் சொல்லிட்டானாம். அங்க மழை கம்மி, வெயில் ஊரு, இழுப்பு வராதாம். நாத்தனாருக்குப் புள்ள இல்ல. தீபாவளிக்கு வரும்போது கூட்டிக்கிட்டுப் போறதாப் பேச்சு.

"குடுத்துட்டா திரும்பி வருமாக்கா?"

அவ மூக்கைத் தொடைச்சு விட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி குடுத்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

ஒக். 12, ஞாயிறு

வெள்ளி போயா, பௌர்ணமி லீவு. சனி பூரா மழை, வெட்டு இல்ல. மூணு நாளா மடுவம் மூடி. தர்ஷினி மூணு நாளும் லயத்துலயே. இழுப்பு இல்ல. ஓடி வெளையாடுச்சாம்.

டா.ஐயா காலையில என் வாசல்ல நின்னாரு. சுத்தி வளைக்காமச் சொல்லிட்டாரு: "வீட்டுல நல்லா ஈக்குது. மடுவத்துக்கு வந்தாத்தான் மத்தியானம் இழுக்குது. மடுவத்துல என்னமோ ஒன்டு ஈக்குது, புள்ள."

என் மடுவத்துலயா! பதினோரு வருசம். ஒரு மூட்டைப்பூச்சி கெடையாது. வாய்க்கு வந்ததக் கேட்டுட்டேன். அவரு குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

வந்த ஆத்திரத்துல மடுவம் பூராவும் தேய்ச்சுக் கழுவினேன். சொவரு, ஜன்னல், தொட்டில் கயிறு கூட விடல. போர்வை, தலகாணி உறை, தொட்டில் சீலை எல்லாம் தொவைச்சு ரெண்டு மூட்டையா இவருகிட்ட குடுத்து, புகைக் காம்பராவுல நல்லாக் காயப்போடுங்கன்னேன். நாளைக்கி அவரு வந்து பார்க்கட்டும்.

ஒக். 13, திங்கள்

வந்து பார்த்தாரு.

பன்னெண்டரைக்குப் படுக்க வச்சேன். ஒரு மணிக்கு தர்ஷினி எழுந்து உக்காந்து, ரெண்டு கையையும் தரையில ஊணிக்கிட்டு, பேச்சு வரல. விலா எலும்பு உள்ள போய் வருது. டா.ஐயா ஓடி வந்தாரு. அம்பது வயசு ஆளு, செருப்பு ஒரு காலுலதான் இருந்துச்சு. பம்ப். மறுபடியும் பம்ப். மூணாந்தடவையும் போட்டுப் பார்த்தாரு. புள்ள எண்ணல. அவரு மட்டும் எண்ணினாரு.

அப்புறம் "லொறியைக் கூப்பிடுங்க. இன்னைக்கி வார்டுக்குத்தான் போகணும்"னாரு.

ஊரே பேசப்போறது அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நிமிசம் தயங்கல. லொறி ஓட்டுற சிங்கள ஆளு "அனே, பபா"ன்னு தலையில கை வச்சாரு. டா.ஐயா புள்ளையோட கூடவே ஏறிட்டாரு, போத்தலும் கையுமா. புஷ்பத்தை மலையிலேருந்து கூட்டியாந்தாங்க. வாளியைக் கீழ போட்டா. பால் சிந்தி வெள்ளையா ஓடுச்சு. "மொதல்லயே துண்டு குடுங்கன்னு கேட்டேனே, என் புள்ளைய வச்சா படிச்சுப் பார்த்தீங்க"ன்னு அவரைப் பார்த்துக் கத்தினா. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஆணி காலி. பை போயிருச்சு.

ஒக். 14, செவ்வாய்

புள்ளைக்குப் பரவாயில்லையாம். ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம்.

புஷ்பத்தோட அக்கா கேகாலையில துணிக்கடையில வேலை செய்யுது. வார்டுக்குப் போற வழியில புள்ளையோட போர்வையை எடுக்க மடுவத்துக்கு வந்துச்சு. போர்வையைக் கையில எடுத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

"என்னக்கா இது, இந்தப் புகை நாத்தம்! கண்ணெல்லாம் எரியுது. இதுலயா புள்ள படுக்குது?"

நான் மோந்து பார்த்தேன். ஒன்னும் தெரியல. இன்னொன்னு எடுத்து மூஞ்சியோட அமுக்கிப் பார்த்தேன். ஒன்னுமே தெரியல. வீட்டுக்கு ஓடி இவரு சட்டையை மோந்தேன். அதுவும் தெரியல.

இவரு சட்டைப் புகையிலயே இருந்து இருந்து என் மூக்கு மரத்துப் போயிருக்கு.

அப்புறம் மடுவத்து ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். இந்த வருசம் தர்ஷினி லொறி ஏறின நாள் எல்லாம் திங்கள், இல்லாட்டி செவ்வாய். ஞாயித்துக்கிழமை நான் தொவைக்கிற நாள்.

கடவுளே. என் கையாலயா.

ஒக். 15, புதன்

இவருகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் காலைத் தடவிக்கிட்டு இருந்தாரு. மலையில சறுக்கி விழுந்து ஒடஞ்ச கால் அது. அதுக்கப்புறம்தான் புகைக் காம்பரா வேலை குடுத்தாங்க. அதுவும் போனா வேற வேலை இல்ல.

"சொல்லாத. இனிமே கொண்டுபோகாம விட்டுருவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

ஆசையாத்தான் இருந்துச்சு, அப்படியே விட்டுரலாமான்னு. பொய் எழுத மாட்டேன், பகல் பூரா அதைத்தான் நெனைச்சேன்.

ஆனா நான் மட்டுமா? இவரு எளகின மனசு. மழை வந்தா ஏழெட்டு வீட்டுப் பச்சப்புள்ளைத் துணி அந்தக் காம்பராவுலதான் காயுது. கேட்டவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுத்திருக்காரு. அந்தப் புள்ளைங்களுக்கு யாரு சொல்றது? அங்க டா.ஐயாவை ஊரே மெல்லுது. துண்டு குடுக்கலன்னு தோட்டத்துத் தொரைகிட்ட புகார் போயிருக்காம். பெரட்டுல புள்ள பார்க்குறதை நிறுத்தச் சொல்லப்போறாங்களாம். பழையபடி எட்டு மணி, பன்னெண்டு மணி.

அவரு போத்தல்ல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என் போர்வையில.

ஒக். 16, வியாழன்

சொல்லிட்டேன்.

பெரட்டு கலையிற வரைக்கும் நின்னேன். போர்வையை நீட்டினேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன், இவரு காலு, வேலை எல்லாம். அவரு போர்வையை மூக்குகிட்ட வச்சாரு. முழிச்சாரு. மறுபடியும் வச்சாரு.

"எனக்கும் ஒன்டும் விளங்கல்லயே, புள்ள."

அவரு குவாட்டர்ஸ், புகைக் காம்பரா இருக்கிற ஸ்டோருக்கு நேர் பின்னால. நாலு மாசமா அவரும் அதே புகையிலதான் தூங்குறாரு. தன் சட்டைக் கையை மோந்து பார்த்துட்டு, அங்கயே நின்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டாரு. "ஊரு அடுப்பெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். என்ட சட்டையை மோந்து பார்க்கல்ல."

அடுத்து எத்தனை நாளா, எத்தனை வீட்டுக்குன்னு கேப்பாருன்னு நின்னேன். அவரு கேட்டது இதுதான்: "சரி, இனி புள்ளைங்கட துணி எங்க காயும்?"

அதுக்கப்புறம்தான் நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். வாட்சர் எட்டிப் பார்த்தாரு, பார்க்கட்டும்.

ஒக். 17, வெள்ளி

தோட்டத்துல எந்த ரகசியம் நிக்கும்? ஸ்டோர் ஐயா காதுக்குப் போயிருச்சு. இவரைக் கூப்பிட்டாங்க. நான் மடுவத்துல உக்காந்து வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

இவரு வந்து சொன்னது: டா.ஐயா நேரா தொரைகிட்டயே போயிருக்காரு. "அந்த ஆளு புள்ளைங்க குளிர்ல நடுங்குதேன்டு செஞ்சிருக்காரு. காயப்போட ஒரு கூரை இல்லாதது அவரு பிழையா? என்ட கண்ணுக்கும் படல்லையே, என்னையும் சேர்த்து ஏசுங்க"ன்னாராம். தொரைகிட்டேருந்து, இனிமே துணி உள்ள போனா வேலை இல்லன்னு ஒரு எச்சரிக்கை. அதோட மடுவத்துக்குப் பின்னால கூரை போட ஆறு பழைய தகரம்.

பெரட்டுல புள்ள பார்க்குறது நிக்காது. அதையும் கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் வெளிய வந்திருக்காரு. என்ன மனுசன்!

ஒக். 18, சனி

தர்ஷினி வந்துருச்சு. மெலிஞ்சு போச்சு, கண்ணு மட்டும் பெருசா.

புஷ்பத்துக்கு நானே சொன்னேன். வேற யாராவது சொல்லி அவ கேட்டா நான் செத்துரலாம்.

"நீங்களாக்கா?"

அவ்வளவுதான். பையை ஆணியில மாட்டாமக் கையோட கொண்டுபோயிட்டா. நாலு வார்த்தை திட்டியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஒக். 21, செவ்வாய்

இவரு தகரம் அடிச்சு முடிச்சாரு. ரெண்டு கொடி. நல்ல காத்து. துணி அரைகுறையாத்தான் காயுது, வெயில் எட்டிப் பார்க்குறப்ப வெளிய தூக்கிப் போடணும். போர்வையை மறுபடி மறுபடி அலசினேன், கேகாலைக்காரி மூக்கை நெனைச்சு நெனைச்சு.

புஷ்பம் தெனமும் புள்ளைய விடுறா. என் மூஞ்சியைப் பார்க்குறதில்ல. வேற எங்க விடுவா?

டா.ஐயா ஒவ்வொரு காம்பராவா போய்ச் சொல்லிக்கிட்டு வர்றாரு, புகைக் காம்பராத் துணி வேணாம்னு. யாரு காயப்போட்டான்னு ஒரு எடத்துலயும் சொல்லல. எல்லாருக்கும்தான் தெரியுமே. இருந்தாலும் அவரு வாயால வரல.

தர்ஷினி மத்தியானம் தூங்கி எழுந்துச்சு. பக்கத்துலயே உக்காந்து மூச்சைக் கேட்டேன். சத்தம் இல்ல.

ஒக். 27, திங்கள்

தீபாவளி வந்தது, போனது. முறுக்கு கருகிருச்சு. ஆறு நாள் விடாத மழை.

எம்பிலிப்பிட்டிய நாத்தனார் வந்திருந்தா. புள்ளைக்கு ரெண்டு கவுன், ஒரு பொம்மை. கூட்டிக்கிட்டுப் போற நெனைப்புலதான் வந்தா. ஆனா சனிக்கிழமை சளி புடிச்சு இழுக்க ஆரம்பிச்சதும், புஷ்பம் புருசனே புள்ளையைத் தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினானாம். பம்ப். பத்து மூச்சு. மறுபடியும். அரை மணியில அடங்கிருச்சு. வீட்டுக்குத் திரும்பி வந்து புள்ள முறுக்கு கேட்டுச்சாம். லொறி இல்ல, வார்டு இல்ல. நாத்தனார் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு இருந்தாளாம்.

இன்னைக்கிக் காலையில அவ தனியா பஸ் ஏறினா. பொம்மையை விட்டுட்டுப் போயிட்டா, பாவம்.

மடுவத்துல தர்ஷினி அந்தப் பொம்மைக்குப் போத்தல் புடிக்குது. எண்ணுது. ஆறு, எட்டு.

ஒக். 31, வெள்ளி

மழை. துணி பாதி ஈரம். பதினாலு புள்ளைங்க.

டா.ஐயாவுக்கு நோன்பு மாசம் தொடங்கிருச்சு. பச்சைத் தண்ணி இல்லாம விடிய பெரட்டுல நிக்கிறாரு, மத்தியானம் லயம் லயமா ஏறி இறங்குறாரு. ஒதடு காஞ்சு கெடக்கு. கேட்டா "பழக்கம், புள்ள"ங்குறாரு.

அஞ்சரைக்கு புஷ்பம் மடுவத்து வாசல்ல வந்து நின்னா. ஒரு கையில தர்ஷினி, மறு கையில அந்த ஃபிளாஸ்க். வார்டுக்குன்னே வாங்கின ஃபிளாஸ்க்.

"டா.ஐயா நோன்பு தொறக்க இஞ்சி போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். தனியா போக வெட்கமா இருக்கு. நீங்களும் வாங்கக்கா."

பதிமூணு நாளுக்கப்புறம் அந்த 'அக்கா'. சீலையை ஒதறிக் கட்டிக்கிட்டுக் கூட நடந்தேன். பை எங்கன்னு கேட்டேன். பிரிச்சுத் தொவைச்சு, அரிசி வாங்கக் கடைக்குக் கொண்டுபோனாளாம்.

டிஸ்பென்சரி வாசல்ல அவரு பேரீச்சம்பழம் ஒன்ன கையில வச்சுக்கிட்டு ரேடியோவுல பாங்கு கேக்குறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு. புஷ்பம் ஃபிளாஸ்க்கை நீட்டினா. அன்னைக்குக் கத்தினதுக்கு என்னமோ சொல்ல வந்தா. அவரு "சூடா ஈக்குதா?"ன்னு மட்டும் கேட்டாரு.

பாங்கு சொன்னாங்க. பழத்தைத் தின்னுட்டு, ஃபிளாஸ்க் மூடியில கஞ்சியை ஊத்திக் குடிக்க ஆரம்பிச்சாரு. தர்ஷினி அவரு முழங்கால்ல கையை ஊணி, தொண்டைய உத்துப் பார்த்து, ஒவ்வொரு மொடக்கையும் சத்தமா எண்ணுச்சு.

அஞ்சு. ஆறு. ஏழு.

அவரு குடிக்கிறத நிறுத்திட்டாரு.